வண்டிக்கு அடியில் தனியாகப் போகாதே

தம்பி,

உன் கடிதம் திங்கட்கிழமை மத்தியானம் வந்தது. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமல் கேட் மேலேயே நீட்டினார். வாங்கியவுடன் நான் பிரிக்கவில்லை. சோற்றை வடித்து வைத்து, கையைக் கழுவி, வாசல் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்துதான் பிரித்தேன். உன் கடிதத்தை நான் எப்போதும் அப்படித்தான் படிப்பது. அவசரமாகப் படித்தால் சீக்கிரம் முடிந்துபோகிறது. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் இந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது, சொல். நீ நல்லபடியாகச் சாப்பிடுகிறாய், அரபு நாட்டிலும் வெயில் குறைந்திருக்கிறது, மேஸ்திரி முன்போல் சத்தம் போடுவதில்லை என்றெல்லாம் எழுதியிருந்தாய். சந்தோஷமாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன்.

கடைசிப் பக்கத்தில் நீ சாதாரணமாக எழுதியிருந்த நாலு வரியில் வந்து நின்றுவிட்டேன். பிக்கப்பில் சிமெண்ட் மூட்டை ஏற்றினால் பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்துவிடுகிறது, அதற்காகப் பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ரப்பரில் காற்றுப் பை வைத்திருக்கிறார்கள், அது இரண்டு பக்கமும் கிழிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். புதுப் பை வந்து சேர ஒரு மாதம் ஆகும், வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை ஜாக்கி போட்டுத் தூக்கி நானே மாற்றிக்கொள்வேன், இங்கே எனக்கு யார் இருக்கிறார்கள், நானும் இந்த வண்டியும்தானே என்று முடித்திருக்கிறாய். அந்த வரியை நீ வேடிக்கையாக எழுதினாயோ, மனசு கஷ்டப்பட்டு எழுதினாயோ, எனக்குத் தெரியவில்லை. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன், உன் எழுத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் நீளமாகப் போகிறது. சலித்துக்கொள்ளாமல் படி. பை வருவதற்குள் இது வந்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை. வீட்டில் பேசவே மாட்டார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் "மோரு" என்பார், அதோடு சரி. என்ன நினைக்கிறார், எதில் வருத்தம், யாரோடு சண்டை என்று நானாகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான புதிதில் ஒருத்தரோடு வாழ்கிறோமா ஒரு சுவரோடு வாழ்கிறோமா என்று அழுதிருக்கிறேன். ஆனால் அவர் ஓட்டிய லோடு வண்டிக்கு ஏதாவது வேலை வந்துவிட்டால், நான் அடுப்படியில் எதில் கையை வைத்திருந்தாலும் கூப்பிட்டுவிடுவார். "ஏ புள்ள, இங்கிட்டு வா. வண்டிக்கு அடியில போறேன்" என்பார். நான் போய் ஒரு தகரடின்னைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலைகூடக் கிடையாது, எல்லாவற்றையும் முன்னாலேயே சாக்கில் பரப்பிக்கொண்டுதான் போவார். என் வேலை ஜாக்கியைப் பார்த்துக்கொண்டே இருப்பது. அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, தெருவைப் பார்க்கக் கூடாது. ஜாக்கியைப் பார்த்துக்கொண்டே ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் தம்பி, அந்த மனிதர் பேசுவார். முகம் தெரியாது, வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு கால்தான் தெரியும். உள்ளேயிருந்து குரல் வரும். அவருடைய அண்ணன் நிலத்தைத் தனியாக எழுதி வாங்கிக்கொண்டது, சின்ன வயதில் கிணற்றில் விழுந்து பிழைத்தது, உன் படிப்பு என்ன ஆகுமோ என்ற கவலை, எல்லாம் நான் அப்படிக் கேட்டதுதான். ஒருமுறை, நீ பிறப்பதற்கு முன்னால் எனக்கு ஒன்று தங்காமல் போனதே, அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. அதையும் ஒரு நாள் அங்கே கிடந்துகொண்டுதான் பேசினார். "பொம்பளப் பிள்ளைன்னு டாக்டரம்மா சொன்னுச்சு. பேரு வச்சிருந்தேன்" என்றார். என்ன பெயர் என்று கேட்டேன். வெகுநேரம் நட்டை முடுக்குகிற சத்தம்தான் கேட்டது. பெயரைச் சொல்லவில்லை.

இப்போது சொல்லப்போவது உனக்குத் தெரியாது. நீ அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய், உன்னைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தோம். நம் உறவில் ஒரு கல்யாணத்துக்குக் கட்டிலும் பீரோவும் ஏற்றிக்கொண்டு கொட்டாம்பட்டிக்கு அந்தப்பக்கம் ஒரு ஊருக்குப் போய் இறக்கிவிட்டு, வெறும் வண்டியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் ஒரு கண்மாய்க்கரைப் பாதை. ஒரு குழியில் இறங்கி ஏறியதும் பின்னால் படீர் என்று சத்தம். இடதுபக்க ஸ்பிரிங் பட்டை உடைந்து வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் கிடையாது. நெல் அறுத்து முடித்த வயல், நாலைந்து கொக்கு, அவ்வளவுதான். இந்த இடத்தில் பட்டை மாற்ற முடியாது, சக்கரத்து ஆக்சிலுக்கும் மேலே இருக்கிற சேசிஸ் சட்டத்துக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துச் சங்கிலியால் கட்டிவிட்டால் மெதுவாக ஊர் போய்ச் சேரலாம் என்றார் அப்பா.

அவர் எதிலும் அவசரப்படவில்லை. கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, முன்சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கல்லைக் கொடுத்தார். ஜாக்கிக்கு அடியில் வைக்க நான் ஒரு தட்டைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "கல்லு வேணாம் புள்ள. கல்லும் இரும்பும் ஒட்டாது, வழுக்கிவிட்ரும்" என்று சொல்லி, வண்டியில் கிடந்த பலகையைப் போட்டு அதன்மேல் ஜாக்கியை வைத்தார். தூக்கியதும் ஸ்டெப்னி டயரைக் கழற்றிச் சேசிஸுக்கு அடியில் படுக்கப் போட்டு, அதன்மேல் கட்டைகளை அடுக்கினார். அதெல்லாம் முடிந்தும் உடனே உள்ளே போகவில்லை. வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். எப்போதும் அப்படிச் செய்வார். விழுவதாக இருந்தால் நான் வெளியே நிற்கும்போதே விழட்டும் என்பார். அன்றைக்கு ஆட்டினார், அசையவில்லை. படுத்து உள்ளே போனார்.

நான் கரைமேல் உட்கார்ந்து கல்யாண வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, முகமே சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது பலகையின் ஒரு ஓரம் மண்ணுக்குள் இறங்கியிருப்பது மாதிரித் தெரிந்தது. கண்மாய் மண் மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். நூல் பிடித்த மாதிரி நின்ற ஜாக்கி இப்போது கொஞ்சம் சாய்ந்திருந்தது. சாய்ந்திருக்கிறதா, நான்தான் அப்படிப் பார்க்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. இருந்தாலும் "வெளிய வாங்க" என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டிருந்தால், இரு இந்த ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தால், அவரை அன்றைக்கே பறிகொடுத்திருப்போம். சங்கிலியைக் கையிலிருந்து விட்டுவிட்டு உருண்டு வந்தார். ஒரு கால் இன்னும் உள்ளே இருந்தது. ஜாக்கி பக்கவாட்டில் தெறித்தது, வண்டி இறங்கியது. அடுக்கியிருந்த கட்டை ஒன்று முறிந்து வண்டி டயர்மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்து அப்படியே நின்றுவிட்டது. அப்பா காலை மெதுவாக இழுத்துக்கொண்டார். வேட்டியில் கிழிசல்கூட இல்லை.

தெறித்துக் கிடந்த ஜாக்கியை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தேன். அப்புறம்தான் கேட்டேன், "ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க?"

"நீ சொன்னா வரணும்னுதான உன்னைய உக்கார வச்சிருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு வயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துண்டை எடுத்து முகத்தை மூடித் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். பிறகு அந்த வழியாக மாட்டுவண்டியில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்த ஒருவர் இறங்கி வந்து, கெட்டியான தரை இருக்கிற இடத்துக்கு வண்டியைத் தள்ளக் கைகொடுத்தார். அங்கே மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தோம். பயந்துபோய்விடுவாய் என்று இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார் அப்பா. நானும் சொல்லவில்லை. பயப்பட வேண்டிய வயது உனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிச் செல்லூருக்குப் போனேன். அப்பாவுக்குக் கூட்டாளியாக இருந்த வேலு அண்ணன் பட்டறை அதே சந்தில்தான் இருக்கிறது, இரண்டு பக்கமும் தறிச்சத்தம், நடுவில் அவர் சம்மட்டிச் சத்தம். உன் கடிதத்தைக் காட்டி, காற்றுப் பை என்றால் என்ன அண்ணே என்று கேட்டேன். "நானும் கேள்விப்பட்டதுதான் தங்கச்சி, கண்ணால பாத்ததில்ல" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கடிதத்தை வாங்கி அந்த நாலு வரியைப் படித்தார். "எதை மாத்துனா என்ன, தூக்குறது தூக்குறதுதான? காத்து இருக்குற எதையும் அப்படியே கழட்டக் கூடாது, மொதல்ல மிச்சம் இருக்குற காத்தை எறக்கிவிடச் சொல்லுங்க. ஆக்சிலத் தொங்கவிட்டாத்தான் பைய எடுக்க எடம் கெடைக்கும். அதனால சேசிஸுக்கு அடியில முட்டுக் குடுக்கணும், ரெண்டு பக்கமும் குடுக்கணும். பிரேக் ஓஸ் இழுபடாமப் பாத்துக்கிறச் சொல்லுங்க. புதுப் பையில காத்து அடிக்கும்போது வெளிய நின்னு அடிக்கச் சொல்லுங்க" என்றார். நான் பஸ்ஸில் வரும்போது மறந்துவிடாமல் இருக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

உங்கள் ஊர் மணல் என்று எழுதுவாய். மணலில் ஜாக்கி நிற்காது தம்பி. சிமெண்ட் தளம் போட்ட இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோ. மேஸ்திரியிடம் கேட்டால் விடமாட்டாரா? மூட்டை எல்லாம் இறக்கிய பிறகு தூக்கு. முன்சக்கரத்துக்கு அணை கொடு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை, தாங்க இரும்பு ஸ்டாண்ட் வை. ஸ்டாண்ட் இருந்தாலும் ஒரு நம்பிக்கைக்கு, கழற்றிய சக்கரத்தையும் சேசிஸுக்கு அடியில் தள்ளிவை. ஆட்டிப் பார். இத்தனையும் செய்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஆள் இல்லையென்றால் உள்ளே போகாதே. அன்றைக்கு வேலை நடக்காமல் போனால் போகட்டும்.

ஆள் இல்லை என்று நீ சொல்வாய். உன் அறையில் வேறு நாட்டுப் பட்டாணியர் ஒருவர் இருக்கிறார் என்று எப்போதோ எழுதினாய், வயதானவர், குறட்டை விடுவார், ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது என்று. அவர் என்ன சாப்பிடுகிறார், அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நீ எழுதியதே இல்லை. கேட்டிருக்கவும் மாட்டாய், நீ உன் அப்பா பிள்ளை. அவரைக் கூப்பிட்டு உட்கார வை. எதைப் பார்க்க வேண்டும் என்று கையால் காட்டு. வெளியே வா என்பதற்கு அவர் பாஷையில் என்ன சொல்வார் என்று முதலிலேயே கேட்டு மனப்பாடம் செய்துகொள். அது காதில் விழுந்தால், அவர் விளையாட்டுக்குச் சொன்னதாக இருந்தாலும், வந்துவிடு.

அப்பாவுடைய சாவைப் பற்றி நாம் இரண்டு பேரும் அதிகம் பேசியதில்லை. கீழமாசி வீதியில் வண்டியை நிறுத்திவிட்டு, லோடு ஏறட்டும் என்று சீட்டில் சாய்ந்தவர். தூங்குகிறார் என்று நினைத்து லோடுமேன்கள் மூட்டை எல்லாம் ஏற்றிமுடித்து, "அண்ணே, கிளம்புங்க" என்று கதவைத் தட்டியிருக்கிறார்கள். அவ்வளவு ஜனம் போகிற தெரு. பட்டப்பகல். ஒரு போல்ட்டைக்கூடத் தனியாகக் கழற்றாத மனிதர். சுற்றி அத்தனை பேர் இருந்தும் வெளியே வாங்க என்று சொல்ல ஒருத்தர் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். சொல்லியிருந்தாலும் வந்திருக்க முடியாது, அது வேறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பகலில் தூங்குகிற யாரைப் பார்த்தாலும் எழுப்பிவிடுகிறேன். பஸ்ஸில்கூட.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உனக்கு இவ்வளவு சொல்கிற நான் என்ன செய்கிறேன் என்று யோசித்தேன். மாடிக்குப் படி இன்னும் கட்டவில்லை அல்லவா, மழைக்கு முன்னால் மாடியின் தண்ணீர்த் தூம்பில் அடைத்திருக்கிற சருகை எடுக்க நான் தனியாகத்தான் மூங்கில் ஏணியில் ஏறுகிறேன். பக்கத்து மனையில் பாக்கியம் என்று ஒரு பெண் வீடு கட்டி வந்திருக்கிறாள், கல்லூரியில் அட்டெண்டர் வேலை. அவளுடைய அப்பா அம்மா மேலூர்ப் பக்கம் வயல்கூலி வேலை செய்தவர்கள். இந்தத் தெருவில் யார் யாரெல்லாம் மனை வாங்குகிறார்கள் என்று நம் சொந்தக்காரர்கள் முகம் சுளித்தது உனக்கு நினைவிருக்கும். நான் சுளிக்கவில்லை, ஆனால் பார்த்தால் சிரிப்பதோடு நிறுத்திக்கொண்டேன். போன வருஷம் நான் ஏணியில் நிற்பதைப் பார்த்து அவளாகவே, "ஏக்கா, ஒத்தையில ஏறுறீங்க, கூப்பிட்டா வரமாட்டேனா?" என்றாள். பழக்கம்தான் என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலையில் எழுத்தைப் பாதியில் வைத்துவிட்டு வேலியோரம் போய், "பாக்கியம், செத்த வாரியா? ஏணியில ஏறணும்" என்று கூப்பிட்டேன். லீவு நாள்தான், கையில் சோப்பு நுரையோடு வந்துவிட்டாள்.

"நீங்க இருங்கக்கா, நான் ஏறுறேன்" என்றாள்.

"வேணாம். நீ பிடிச்சுக்கிட்டு நில்லு. எதாவது பேசிக்கிட்டு நில்லு, அது போதும்."

"என்னத்தைப் பேச?"

"என்னத்தையாவது."

அவள் சிரித்துவிட்டு, பேச ஆரம்பித்தாள். மூத்த மகளுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதாம், அனுப்ப மனசு வரவில்லையாம், ராத்திரியெல்லாம் அந்தப் பிள்ளை தூங்குகிற முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாளாம். நான் ஏணிமேல் நின்று குச்சியால் தூம்பைக் குத்திக்கொண்டே கேட்டேன். எனக்கும் அப்படி இருந்தது, நீ ஏரோப்பிளேன் ஏறுவதற்கு முந்தின வாரமெல்லாம், என்று சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் சொன்னதில்லை. அடைப்பு சீக்கிரமே எடுபட்டுவிட்டது. ஒரு சருகு மிச்சமில்லை. ஆனாலும் நான் இறங்கவில்லை தம்பி. சுத்தமாகிவிட்ட தூம்பைக் குத்திக்கொண்டே நின்றேன். இறங்கினால் அவள் போய்விடுவாள் என்று இருந்தது.

உன் அப்பாவும் அப்படித்தான். வேலை முடிந்திருக்கும், ஸ்பேனர் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருக்கும், ஆனால் மனிதர் வெளியே வரமாட்டார். "இன்னும் என்ன அங்க?" என்று நான் சிடுசிடுப்பேன், அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும். "இரு புள்ள, ஒரு நட்டு இருக்கு" என்பார். அந்த ஒரு நட்டு என்னவென்று ஏணியில் நிற்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நீ அப்படிச் செய்யாதே. பையை மாட்டி முடித்ததும் வெளியே வந்துவிடு. கையைத் துடைத்துக்கொண்டு அந்த அறைக்காரப் பெரியவர் பக்கத்தில் உட்கார். டீ வாங்கிக் கொடு. பாஷை தெரிகிற வரைக்கும் பேசு, தெரியாததற்கு அப்புறமும் கொஞ்சம் பேசு, அவர் முகத்தைப் பார்த்துப் பேசு. வண்டி சரியாகிவிட்டதா என்று எனக்கு எழுத வேண்டாம். அவர் பெயர் என்ன, எத்தனை பிள்ளைகள் என்று எழுது.

அம்மா